பிடுங்கத் தெரியாத வாத்தியார்

டி.வி. ரிமோட் யார் கையில் இருக்கிறதோ அவர்தான் வீட்டுக்கு ராஜா என்றால், அந்த வீட்டில் ராஜா பட்டம் பல வருஷமாக ஒரே ஆளிடம்தான் இருந்தது. அக்காவின் கணவர்தான் அந்த ராஜா. வேலை முடிந்து வந்து, கைகால் கழுவிக்கொண்டு, நாற்காலியில் சாய்ந்து ரிமோட்டை எடுத்தாரென்றால் செய்திதான். பார்த்துக்கொண்டே தூங்கிப்போவார், ரிமோட் மட்டும் கையை விட்டு வராது. அக்காவின் தம்பி பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பான். வேறொரு சேனலில் மேட்ச் கடைசிக் கட்டத்தில் இருக்கும். இவனோ எங்கோ வெங்காயம் விலை ஏறிய கதையைக் கேட்டுக்கொண்டிருப்பான். வாங்கி மாற்றேன்டா என்று அக்கா சொன்னால், பாவம், மாமா பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பான். மாமா குறட்டை விட்டுக்கொண்டிருப்பார்.

இத்தனைக்கும் அந்தத் தம்பி லேசுப்பட்ட ஆளில்லை. ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியில் வாத்தியார். மாமாவுக்கும் அதே பள்ளியில்தான் வேலை, ஷெட்டில் மெக்கானிக். அங்கே அவருக்கு 'உடும்பு' என்று பெயர். துருவேறிய போல்ட்டில் ஸ்பேனரைப் போட்டுப் பிடித்தாரென்றால், ஒன்று போல்ட் கழன்று வரும், இல்லையென்றால் உடைந்து வரும், இவர் பிடி மட்டும் தளராது. பட்டப்பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் கோபித்துக்கொள்ளவும் மாட்டார். அது ஏதோ பட்டயம் கொடுத்த மாதிரி தலையை ஆட்டிக்கொள்வார்.

அக்காவும் அங்கேதான். பள்ளியின் தீயணைப்பு வண்டியை ஓட்டுகிறவள் அவள். வண்டியில் ஏறிவிட்டால் எனக்குச் சொந்தமும் கிடையாது பந்தமும் கிடையாது, கீழே விழுகிறவன் எவனோ, அவனைத் தூக்குகிறவள் நான், அவ்வளவுதான் என்று வாய் ஓயாமல் சொல்வாள். சொல்வதற்கென்ன, நாக்குக்கு எலும்பா இருக்கிறது.

கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோது அக்கா ஒரு பெட்டியையும் ஒரு தம்பியையும் கொண்டுவந்தாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளை, அப்போது பல் விழுந்து முளைத்துக்கொண்டிருந்த வயசு. இவன் எதற்கு என்று மாமா ஒரு வார்த்தை கேட்டதில்லை. பள்ளிக்கூடத்தில் பெற்றோரைக் கூட்டி வா என்றால் கிரீஸ் கையோடு போய் நிற்பார். அந்த நன்றியெல்லாம் சேர்ந்து தம்பிக்குள் மரியாதையாக உறைந்துபோயிருந்தது. மாமா நின்றால் உட்கார மாட்டான். மாமா பேசினால் குறுக்கே பேச மாட்டான். மாமா கையில் இருப்பதை அவராகக் கொடுத்தால் வாங்கிக்கொள்வான், இவனாக எடுக்க மாட்டான். பார்க்கிறவர்கள் இப்படி ஒரு பிள்ளை கிடைக்குமா என்று மெச்சினார்கள். அக்காவுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான்.

இந்த மரியாதை ஒருநாள் இரண்டு பேரையும் எமன் வாசல் வரைக்கும் கூட்டிக்கொண்டு போகும் என்று அவள் கனவிலும் நினைக்கவில்லை.

பள்ளியின் தலைமை வாத்தியார் ஒரு பெண். பெரிய டீச்சர் என்று எல்லோரும் கூப்பிடுவார்கள். சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை, ஆனால் அந்த அம்மாள் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் பார்த்தாலே பாதிப் பேருக்கு வேர்த்துவிடும். ரிப்பேர் பார்க்கிற மெக்கானிக்குக்குப் பறக்கவும் தெரிந்திருந்தால் நல்லது, எது எப்படி ஆடுகிறது என்று உடம்பால் புரிந்துகொள்வான் என்று அவருக்கு ஒரு எண்ணம். அப்படித்தான் உடும்பு, மீசை நரைத்த வயசில், ஹெலிகாப்டர் ஓட்டக் கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். முதலில் கற்றுக்கொடுத்தவர் வேறு வேலை கிடைத்துப் போய்விட, பாக்கியிருந்தது தம்பி. உன் மாமாவை உன்னால் அதட்ட முடியுமா என்று பெரிய டீச்சர் கேட்டார். அதற்கென்ன, வேலை வேறு, வீடு வேறு என்றான் தம்பி. அதைக் கேட்டு அக்காவும் தலையாட்டினாள். அவளும் அதே பல்லவியைத்தானே பாடிக்கொண்டிருந்தாள்.

அந்தப் பள்ளியில் ஒரு கறாரான வழக்கம் உண்டு. சின்ன ஹெலிகாப்டர், இரண்டே இருக்கை. இருவருக்கும் தனித்தனிக் கைப்பிடிகள், ஆனால் எல்லாம் உள்ளே ஒன்றோடொன்று இணைந்தவை. ஒருவர் இழுத்தால் மற்றவர் கைப்பிடியும் சேர்ந்து நகரும். ஆகையால் எந்த நேரத்திலும் ஓட்டுகிறவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும். வாத்தியார் எடுத்துக்கொள்ள நினைத்தால் "என் கையில" என்று உரக்கச் சொல்ல வேண்டும். மாணவர் அந்த நொடியே இரண்டு கையையும் தூக்கி "உங்க கையில" என்று சொல்ல வேண்டும். ஏன், எதற்கு என்ற கேள்விக்கே இடமில்லை. புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் டீக்கடையில் கிளாஸை மாற்றிக்கொள்ளும்போதுகூட இதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

மாமாவும் மாப்பிள்ளையும் மட்டும் இதைச் சொல்லிக்கொண்டதில்லை. தம்பி லேசாகத் திரும்பிப் பார்ப்பான், மாமா புரிந்துகொண்டு அவராகவே கையை எடுப்பார். எங்களுக்குள் வார்த்தை எதற்கு, கண்ணாலேயே பேசிக்கொள்வோம் என்று வீட்டில் வந்து இரண்டு பேரும் பீற்றிக்கொண்டார்கள். அக்காவும் கேட்டுச் சிரித்தாள். அன்றைக்கே இரண்டு பேர் காதையும் திருகியிருக்க வேண்டும்.

அன்று காலை மாமாவுக்கு அவசரத் தரையிறக்கப் பயிற்சி, பக்கத்து இருக்கையில் தம்பி. நடுவானில் எஞ்சின் நின்றுபோனால் என்ன செய்வது என்பதுதான் பாடம். நிஜமாக நிறுத்த மாட்டார்கள், எஞ்சினைத் தணித்துவிடுவார்கள். ஹெலிகாப்டர் கீழே இறங்கும்போது அடியிலிருந்து வரும் காற்றே தலைக்கு மேலுள்ள விசிறியைச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்தச் சுற்றுதான் கையிலிருக்கும் ஒரே முதல். தரை நெருங்கும்வரை அதைச் செலவழிக்காமல் வைத்திருந்து, கடைசியில் இருக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் கைப்பிடியை மேலே இழுத்துப் பூப்போல இறங்க வேண்டும். முன்கூட்டியே இழுத்துவிட்டால் விசிறி களைத்துவிடும், அப்புறம் கல்லுக்கும் அதற்கும் வித்தியாசமில்லை.

இந்தப் பயிற்சி நடக்கும்போது புல்தரை ஓரத்தில் தீயணைப்பு வண்டி எஞ்சினை ஓடவிட்டபடி நிற்க வேண்டும். அக்கா ஸ்டியரிங்கில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் தண்ணீரும் நுரையும் அடிக்கிற ஆள், ஒல்லியாக நீளமாக இருப்பதால் 'குழாய்' என்று பெயர். அவன் தன் கடைவாய்ப் பல் படுத்துகிற பாட்டைச் சொல்லிக்கொண்டிருந்தான். ஹெலிகாப்டர் ஒரு சுற்று வந்து இறங்கியது, நன்றாகவே இறங்கியது. மறுபடி ஏறியது. மறுபடி எஞ்சின் சத்தம் தணிந்து, சரிந்து இறங்க ஆரம்பித்தது. குழாய் பல்லை மறந்துவிட்டு அண்ணாந்து பார்த்தான்.

"என்னக்கா, இவ்வளவு மேலயே நிக்குது?"

அக்காவும் பார்த்தாள். மூக்கைத் தூக்கி வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான், ஆனால் அது தரைக்குப் பக்கத்தில் வந்த பிறகு. இதுவோ மாடி வீட்டு உயரத்திலேயே அப்படியே தொங்கியது. விசிறியின் ஒவ்வொரு தகடும் தனித்தனியாகக் கண்ணுக்குத் தெரிய ஆரம்பித்தது. சரியான வேகத்தில் சுற்றினால் அது தெரியவே கூடாது.

கண்ணை மூடித் திறப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. தொப்பென்று விழுந்து, கால்கள் இரண்டும் அகட்டிக்கொண்டு, ஒருமுறை எம்பியது. எம்பின வேகத்தில் வால் தரையில் மோதி ஒடிந்தது. வால் போனதும் முழு ஹெலிகாப்டரும் தன்னைத்தானே சுற்றி இடது பக்கமாகச் சாய்ந்தது. விசிறித் தகடுகள் தரையை வெட்டித் துண்டு துண்டாகப் பறந்தன. அப்புறம் புழுதியைத் தவிர எதுவும் தெரியவில்லை.

அக்காவின் கால் அவளைக் கேட்காமலே மிதித்திருந்தது. காற்று வருகிற பக்கமாக வண்டியைத் திருப்பி, கொஞ்சம் தள்ளியே பிரேக் போட்டாள். குழாய் குதித்து ஓடப் பார்த்தான். அவள் அவன் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தாள். சாய்ந்து கிடந்த ஹெலிகாப்டரில் எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது. ஒடிந்த தகட்டின் மிச்சம் மண்ணை அடித்துக்கொண்டே சுற்றியது. அது நிற்கும்வரை யாரும் கிட்டப் போகக் கூடாது, போனால் தூக்க வேண்டியவர்களின் எண்ணிக்கைதான் கூடும். எத்தனையோ பேருக்கு அவளே சொல்லிக்கொடுத்த பாடம் அது.

"நிக்கட்டும். நின்னதும் போ," என்றாள். குரல் அவளுடையது மாதிரியே இல்லை.

அந்தக் காத்திருப்பு இருக்கிறதே, அது எதிரிக்குக்கூட வரக் கூடாது. உள்ளே கட்டின புருஷன். பக்கத்தில் கூடப் பிறந்தவன். போனால் இரண்டும் ஒன்றாகப் போகும், வீட்டுக்குத் திரும்பினால் மூன்று தட்டுக்கும் அவள் ஒருத்திதான். சொந்தமும் இல்லை பந்தமும் இல்லை என்று சொன்ன வாயைக் கிழித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனாலும் பெல்ட்டைப் பிடித்த கையை அவள் விடவில்லை.

எஞ்சின் இருமி, திணறி, நின்றது. தகடும் நின்றது. குழாய் நுரையைப் பீய்ச்சிக்கொண்டே ஓடினான். பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. அக்கா கிட்டே போய், எவரிடமும் கேட்க வேண்டிய முறைப்படியே கேட்டாள்.

"உள்ள யாரு, பதில் சொல்லுங்க."

"பெட்ரோலை அடைச்சுட்டேன்," என்றது மாமாவின் குரல். "நுரையில வழுக்கும், பார்த்து வா."

"தம்பி?"

"இங்கதான் இருக்கான். பிடிச்சிருக்கேன்."

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. போன உயிர் திரும்பி வந்தது என்று சும்மா சொல்வார்களே, அவளுக்கு அன்று நிஜமாகவே கால் கட்டைவிரல் வழியாக ஏறி வந்தது. ஏறிப் பார்த்தாள். மேல் பக்கமாகிவிட்ட இருக்கையில் மாமா பெல்ட்டில் தொங்கிக்கொண்டிருந்தார். ஒரு கை எரிபொருள் வால்வின் மேல். இன்னொரு கை கீழே கிடந்த தம்பியின் சட்டைக் காலரைக் கொத்தாகப் பிடித்திருந்தது. தம்பியின் புருவத்தில் வெட்டு, முகமெல்லாம் ரத்தம், ஆனால் கண் திறந்திருந்தது. "அக்கா" என்றான், சின்ன வயசில் காய்ச்சல் வந்தால் கூப்பிடுவானே, அதே குரலில்.

இரண்டு பேரையும் வெளியே எடுத்துப் புல்லில் உட்கார வைத்தார்கள். அப்போதும் காலரைப் பிடித்த பிடியை மாமா விடவில்லை. குழாய்தான் மண்டியிட்டு ஒவ்வொரு விரலாகப் பிரித்தான்.

"அண்ணே, வெளிய வந்தாச்சுண்ணே. இனிமே விடலாம்."

அக்கா இரண்டு பேரையும் தலையிலிருந்து கால்வரை தொட்டுத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் இருந்த இடத்தில் இருந்தது. அதன் பிறகுதான் வண்டியின் படியில் உட்கார்ந்து, யார் பார்க்கிறார்கள் என்றுகூடப் பார்க்காமல் ஓவென்று அழுதாள். குழாய் அவளுக்குத் தண்ணீர் கொடுத்துவிட்டு, தன் பங்குக்குத் தானும் கொஞ்சம் அழுதான்.

மருத்துவமனையில் தம்பிக்குப் புருவத்தில் தையல், மாமாவுக்கு இடது மணிக்கட்டில் மாவுக்கட்டு. இவ்வளவுதானா, இவ்வளவோடு போச்சா என்று டாக்டரே இரண்டு தடவை கேட்டுக்கொண்டார். சாயந்திரம் பெரிய டீச்சர் வந்து, என்ன நடந்தது என்று இருவரையும் தனித்தனியாக விசாரித்தார். பிறகு நடைபாதையில் அக்காவைப் பிடித்து ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். தப்பு முழுக்கத் தன் மேல்தான், வாத்தியார் மேல் துளியும் இல்லை என்கிறாராம் மாமா. தப்பு தன்னுடையது, மாமா செய்ததெல்லாம் சரி என்கிறானாம் தம்பி. இரண்டு பேரும் என்னிடம் பொய் சொல்கிறார்கள், நல்ல மனசோடுதான் சொல்கிறார்கள், ஆனால் நல்ல பொய்யை வைத்துக்கொண்டு அடுத்த விபத்தை என்னால் தடுக்க முடியாது என்றார். உன்னிடம்தான் வாயைத் திறப்பார்கள் என்று சொல்லிவிட்டு, கண்ணாடியைத் துடைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்.

அக்கா அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு கட்டிலுக்கும் நடுவில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்காமல் உட்கார்ந்தால்தான் அந்த வீட்டு ஆண்களுக்குப் பயம் வரும் என்பது அவளுக்குத் தெரியும்.

மாமாதான் முதலில் ஆரம்பித்தார். மேலேயே இழுத்துவிட்டது தான்தான் என்றார். விசிறி தளர்ந்தால் ஊதுகிற எச்சரிக்கை ஊதல் காதைக் கிழித்ததாம். கைப்பிடியைக் கீழே தள்ளியிருக்க வேண்டும் என்பதும் புத்திக்கு எட்டியதாம்.

"அப்புறம் ஏன் தள்ளலை?" என்றாள் அக்கா.

"வாத்தியார் பக்கத்துல சும்மா உட்கார்ந்திருக்காரு. தப்பா இருந்தா சொல்லியிருப்பாரே, அப்ப நான் செய்யறது சரிதான்னு நெனச்சுட்டேன்."

தம்பி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டான். அக்கா அவன் தோளைப் பிடித்து இந்தப் பக்கம் திருப்பினாள். வலித்திருக்கும், இருந்தாலும் முனகவில்லை.

"நீ ஏன்டா சும்மா உட்கார்ந்திருந்த?"

ஊதல் கேட்டவுடனே தன் கைப்பிடிமேல் கை போய்விட்டது என்றான். கீழே தள்ளப் பார்த்தானாம். அந்தப் பக்கம் மாமாவின் பிடி, உடும்புப் பிடி, அசையவில்லை. 'என் கையில' என்று உரக்கச் சொல்லியிருந்தால் போதும், விட்டிருப்பார்.

"வாய் வரலைக்கா. மாமா கையிலேருந்து பிடுங்கற மாதிரி இருந்துச்சு."

மாமா மாவுக்கட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மெல்ல, "நீ சொல்லுவேன்னுதான்டா மாப்ளே நான் பிடிச்சிட்டிருந்தேன்," என்றார்.

அக்காவுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எல்லாவற்றையும் தள்ளிக்கொண்டு கோபம் முன்னால் வந்தது. பொரிந்து தள்ளிவிட்டாள். மரியாதை மரியாதை என்று இரண்டு பேரும் சேர்ந்து உங்கள் உடம்பைப் பொட்டலம் கட்டி என் கையில் கொடுத்திருப்பீர்களே என்றாள். கண்ணால் பேசினார்களாம் கண்ணால், அந்தக் கண்ணில் மிளகாயைத் தேய்க்க என்றாள். மாமா தலையைக் குனிந்துகொண்டார். தம்பி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டான். மூச்சு வாங்கியதும் அக்கா நிறுத்தி, குரலைத் தணித்தாள்.

"நாளைக்கு உங்க மாமா வயசுல வேற ஒருத்தர் வந்து பக்கத்துல உட்காருவாரு. அவருக்கும் வீட்ல ஒருத்தி இருப்பா. அப்பவும் உனக்கு வாய் வராதா?"

தம்பி கட்டிலை விட்டு இறங்கி, தலை சுற்றியபோது சுவரைப் பிடித்துக்கொண்டு, கதவைத் திறந்து பெஞ்சில் இருந்த பெரிய டீச்சரிடம் போனான். மாமாவும் பின்னாலேயே போனார். இரண்டு பேரும் உள்ளதை உள்ளபடி சொன்னார்கள்.

பெரிய டீச்சர் திட்டவில்லை, அதுதான் இன்னும் பயமாக இருந்தது. சொந்தக்காரர்களை ஒன்றாக உட்கார வைத்தது தன் தப்பு என்று முதலில் தன் கணக்கில் எழுதிக்கொண்டார். மாமாவுக்குக் கை ஆறிய பிறகு வேறு வாத்தியார். தம்பி கொஞ்ச காலம் யாருக்கும் கற்றுக்கொடுக்க வேண்டாம், தன்னோடு பறக்கட்டும், தான் பிடிவாதக்கார மாணவி மாதிரி உட்கார்ந்து வேண்டுமென்றே தப்புச் செய்வதாகவும் அவன் தன்னிடமிருந்து கைப்பிடியை எடுத்துக்கொள்ளப் பழக வேண்டும் என்றும் சொன்னார். எடுக்கத் தெரிந்தால் மறுபடி வாத்தியார், இல்லையென்றால் வேறு வேலை. தம்பி சரியென்றான். அந்தச் 'சரி'யை அக்கா அவ்வளவாக நம்பவில்லை. பல வருஷம் உறைந்தது ஒரு விசாரணையில் உருகிவிடுமா என்று அவளுக்கு உள்ளே உறுத்திக்கொண்டே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு சில நாள் அக்கா சும்மா சும்மா இரண்டு பேரையும் வந்து வந்து பார்த்துக்கொண்டிருந்தாள். குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் நின்றால் கதவைத் தட்டுவாள். தட்டுகளை எடுத்து வைக்கும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று வாய்க்குள் சொல்லிக்கொள்வாள். மூன்றும் நிரம்பியிருப்பதைப் பார்க்கும்போதெல்லாம் மனசு லேசாகிவிடும். அந்தச் சந்தோஷத்துக்கு நடுவிலும் தம்பி பழையபடியே மாமா பக்கத்தில் வாய் மூடி உட்கார்ந்து செய்தி பார்ப்பதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை.

ஒரு சாயந்திரம் மாமா மாவுக்கட்டுக் கையை மடியில் வைத்துக்கொண்டு, நல்ல கையில் ரிமோட்டோடு உட்கார்ந்திருந்தார். தூங்கவில்லை. எங்கோ பாலம் திறந்து ரிப்பன் வெட்டிக்கொண்டிருந்தார்கள். அன்று மேட்ச் நாள். தம்பி ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தான், ஒருமுறை மாமாவைப் பார்த்தான். சமையலறை வாசலில் கரண்டியோடு நின்ற அக்காவையும் பார்த்தான். அவள் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

தம்பி எழுந்து மாமாவின் முன்னால் போய் நின்றான். தொண்டையைச் செருமினான். கையை நீட்டி ரிமோட்டின் மறுமுனையைப் பிடித்தான்.

"என் கையில," என்றான். குரல் நடுங்கத்தான் செய்தது, ஆனால் உரக்கவே வந்தது.

மாமா அண்ணாந்து அவனைப் பார்த்தார். புருவத்துத் தையலைப் பார்த்தார். உடும்பின் விரல்கள் பட்டென்று திறந்துகொண்டன. நல்ல கையையும் கட்டுப்போட்ட கையையும் சேர்த்தே தலைக்கு மேல் தூக்கினார்.

"உன் கையில," என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

அக்கா கரண்டியை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். தம்பி சேனலை மாற்றினான். மேட்ச் எப்போதோ முடிந்துபோய் சோப்பு விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. மூன்று பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மாமாதான் முதலில் சிரித்தார், விலா வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் தம்பி பழக்க தோஷத்தில் ரிமோட்டை அவரிடமே திருப்பி நீட்டினான்.

"குடுத்துப் பாரு, கையை ஒடிச்சுடுவேன்," என்றாள் அக்கா வாசலிலிருந்து.

தம்பி ரிமோட்டைத் தன் மடியிலேயே வைத்துக்கொண்டு விளம்பரத்தைப் பார்க்க ஆரம்பித்தான்.